பலூன் திருவிழால பாத்த பலூன் என்ன துணிங்க? அவ்வளவு நெருப்புக்கு ஏன் உருகறதில்ல?

உடுமலைக்காரன்:

எல்லாத்துக்கும் வணக்கம்ங்க. பொங்கல் லீவுல பசங்கள கூட்டிட்டு பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்கு போயிருந்தோம். 2015ல ஆரம்பிச்சதுல இருந்து ஒவ்வொரு வருசமும் அடுத்த தடவ போலாம் அடுத்த தடவ போலாம்னு தள்ளிட்டே வந்து இப்பத்தான் போனது. விடியக்கால அஞ்சு மணிக்கெல்லாம் போய் நின்னா பனில கைகாலு வெறச்சு போச்சு, ஆனா அந்த மூட்டைய பிரிச்சு தரைல விரிச்சு ஊதி எந்திரிச்சு நிக்க வெச்சாங்க பாருங்க, பசங்க கத்துன கத்துக்கு தொண்டையே கட்டிப்போச்சு.

இப்ப விசயம் என்னன்னா எட்டாவது படிக்கற எங்க பையன் வந்ததுல இருந்து கேள்வியா கேக்கறான். அப்பா அந்த துணி என்ன துணி, அவ்ளோ பெரிய நெருப்பு உள்ள போகுதே ஏன் எரியல, எல்லா பலூனும் ஏன் கவுத்து வெச்ச பேரிக்கா மாதிரியே இருக்கு, அப்பறம் ஒண்ணு மட்டும் மிருகம் மாதிரி காது எல்லாம் வெச்சு இருந்துச்சே அது எப்படினு. என் மச்சான் பக்கத்துல இருந்துட்டு அது ரப்பருடா, உள்ள ஹீலியம் கேஸு, நெருப்பு சும்மா ஷோவுக்குனு சொல்லிட்டாரு. எனக்கு அது சரியா படல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. இன்னொன்னு நானே கவனிச்சது, அடில வாய்கிட்ட மட்டும் துணி வேற மாதிரி கொஞ்சம் மொத்தமா தெரிஞ்சுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, பையன்கிட்ட காட்டணும்.

---

சும்மா ஒருத்தன்:

மச்சான் சொன்னது தப்பு ப்ரோ, ஹீலியம் இருந்தா எதுக்கு நெருப்பு. சூடான காத்து லேசு, அதான் மேல போகுது, எட்டாவது புக்லயே இருக்கும். துணி பாராசூட் துணின்னு கேள்விப்பட்டிருக்கேன்.

---

நூல்மில் சண்முகம்:

பாராசூட் துணின்னு எல்லாரும் சொல்றது தான், சொந்தக்காரங்கதான் ஆனா அதே துணி இல்லைங்க. நான் 22 வருசமா துணி லைன்ல இருக்கேன், அதனால துணி பத்தி மட்டும் சொல்றேன், பறக்கறது பத்தி வேற யாராச்சும் சொல்லட்டும்.

பெரும்பாலும் நைலான், சில கம்பெனிக பாலியஸ்டர். செக் நாட்டுல பிர்னோ ஊர்ல இருக்கற குபீசெக் கம்பெனி பாலியஸ்டர் துணிய சொந்தமா நெய்து அதுல பலூன் தைக்கறாங்க. நைலான் கிழியறதுக்கு நல்லா தாக்கு பிடிக்கும், பாலியஸ்டர் சூட்டுக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் நல்லா தாக்கு பிடிக்கும், ரெண்டு பக்கமும் கட்சி இருக்கு. ஆனா எதுவா இருந்தாலும் நெசவு ரிப்ஸ்டாப். உங்க ரெயின்கோட்டு, டென்ட்டு துணி எடுத்து வெளிச்சத்துல பாருங்க, சின்ன சின்ன கட்டம் தெரியும். பாவுலயும் ஊடையிலயும் சில மில்லிமீட்டருக்கு ஒருக்கா கனமான இழை ஓட்டியிருப்பாங்க. ஒரு எடத்துல கிழிஞ்சா அந்த கனத்த இழைகிட்ட வந்து கிழிசல் நிக்கும், அதுக்கு மேல ஓடாது. எடை சதுர மீட்டருக்கு 40 கிராம்ல இருந்து 65 கிராம் வரைக்கும் தான், நம்ம போடற சட்டத்துணி 120 கிராம் இருக்கும்னு வெச்சுக்கோங்க, அதுல பாதி.

வெறும் நைலான் நெசவு காத்த விட்டுடும், அதனால மேல பாலியூரித்தேன் இல்ல சிலிக்கான் கோட்டிங். உண்மைய சொன்னா பலூனோட ஆயுசே அந்த கோட்டிங்ல தான் இருக்கு. துணி கிழியறதுக்கு முன்னாடி கோட்டிங் தேஞ்சு காத்து கசிய ஆரம்பிச்சுடும், அப்ப அதே உயரத்துல நிக்கறதுக்கு கேஸ் கூட கூட எரிக்கணும், ஒரு கட்டத்துல கட்டுபடியாகாம மூலைல போட்டுடுவாங்க. 

தையல் பத்தி சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. உங்க ஜீன்ஸ் பேன்ட் காலோட தையல பாருங்க, ரெண்டு துணி ஓரமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிஞ்சு மேல ரெண்டு வரி தையல் ஓடும், அதே முறை தான். பிசிறு வெளிய தெரியாது, தையலும் நல்லா பலமா இருக்கும். அந்த தையல் மேலயே நாடா வெச்சு தைப்பாங்க, உச்சில இருந்து அடி வரைக்கும் ஓடற லோடு டேப். கூடைய தூக்கறது துணி இல்லைங்க, அந்த நாடாதான். துணி வேலை காத்த புடிச்சு வெக்கறது, நாடா வேலை எடைய தாங்கறது. 

பையனுக்கு ஒரு கணக்கு: மூணு நாலு பேரு ஏறுற பலூன் 2200 கன மீட்டர். அத முழு உருண்டைனு வெச்சு பரப்பளவு போட்டா 800 சதுர மீட்டருக்கு மேல வரும், அதாவது ஒரு பலூனுக்கு குறைஞ்சது 130 சேலை.

---

உடுமலைக்காரன்:

130 சேலைனு வீட்ல சொன்னேன், பீரோவுல அதுக்கு மேலயே இருக்குனு பதில் வந்துச்சு, அதோட பேச்ச நிறுத்திட்டேன். அண்ணா அருமையா சொன்னீங்க. நைலான்னா சூட்டுக்கு உருகிருமே, இஸ்திரி பொட்டி பட்டாலே சுருங்கிடுதே, அது எப்படிங்க?

---

பிரிஸ்டல் திருச்சிக்காரன்:

இந்த கேள்வி பாத்ததும் லாகின் பண்ணாம இருக்க முடியல. நான் இங்க இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருக்கேன், கேமரன் பலூன் கம்பெனி இருக்கற ஊரு, 1979ல இருந்து வருசா வருசம் பலூன் திருவிழா நடக்குது. நான் பைலட் இல்ல, வார கடைசில கயிறு பிடிக்கற, மூட்டை தூக்குற எடுபிடி, கிரூனு மரியாதையா சொல்லுவாங்க. அஞ்சு வருசமா போறேன்.

நைலான் உருகுமான்னா கண்டிப்பா உருகும், 220 டிகிரில ஒரு ரகம், 260 கிட்ட இன்னொரு ரகம். துணி நெருப்ப தாங்குதுன்னு நினைக்கறது தான் தப்பு. துணி நெருப்ப பாக்கறதே இல்ல. வாய் மூணு நாலு மீட்டர் அகலம், பர்னர் நடு மையத்துல நேரா மேல பாத்து இருக்கு, தீ நடுவுல பல அடி நீளத்துக்கு போய் முடிஞ்சுடும், அதுக்கு மேல வெறும் சூடான காத்து தான், அதுவும் சுத்தி இருக்கற காத்தோட கலந்து உச்சிக்கு போகும்போது சுமார் 100 டிகிரி இருக்கும். 120 டிகிரி கிட்ட தான் பொதுவா லிமிட். உச்சில ஒரு சென்சார் இருக்கும், கூடைல இருக்கற மீட்டர்ல பைலட் பாத்துட்டே இருப்பாரு. அதுவும் போதாதுன்னு உச்சி துணில ஸ்டாம்ப் மாதிரி ஒரு சின்ன ஸ்டிக்கர் தச்சிருப்பாங்க, குறிப்பிட்ட சூட்ட தாண்டுனா அதுல இருக்கற கட்டம் கருத்துடும், திரும்ப வெளுக்காது. பைலட் பொய் சொல்லலாம், ஸ்டிக்கர் சொல்லாது. சில பலூன்ல ஒரு ஈய பத்து மாதிரி இருக்கும், சூடு மீறுனா அது உருகி ஒரு சின்ன கொடி பொத்துனு கூடைல வந்து விழும், உடனே இறக்குன்னு அர்த்தம்.

நீங்க கவனிச்ச அந்த அடி துணி நோமெக்ஸ். ஃபயர் சர்வீஸ்காரங்க, கார் ரேஸ்காரங்க போடற உடுப்புல இருக்கறது, உருகாது, ரொம்ப போனா கருகும். தீ பக்கத்துல காத்தடிச்சு துணி மடங்கி வர்ற எடம் அது ஒண்ணு தான், அதனால அங்க மட்டும். பூரா நோமெக்ஸ்ல தைக்கலாமேனு கேட்டா விலையும் எடையும் ஒத்து வராது.

இதுல ஒரு வேடிக்கை. பலூன் பூரா நைலான், ஆனா வாயை பிடிக்க வர்ற எங்கள நைலான் சட்டை போட்டு வரக்கூடாதுன்னு தான் முதல் நாளே சொன்னாங்க. பருத்தி சட்டை, தோல் க்ளவுஸ். தரைல படுத்து கிடக்கற பலூனுக்கு முதல்ல பெரிய ஃபேன்ல பச்சை காத்து ஊதி, பாதி உப்புனதும் தான் பர்னர். அப்ப ரெண்டு பேரு வாயை ரெண்டு பக்கமும் அகட்டி பிடிக்கணும், தீ பக்கத்துலயே போகும், புருவம் பொசுங்குற மாதிரி இருக்கும். என் ரெண்டாவது வாரமே ஒரு காத்து வந்து கை நழுவி துணி உள்ள மடங்கி, நோமெக்ஸுக்கு மேல இருந்த நைலான்ல ஒரு உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. பிளாஸ்டிக் கவரை கேஸ் அடுப்புல காட்டுன மாதிரி சுருண்டு போச்சு. எனக்கு உயிரே போச்சு. பைலட் வந்து பாத்தாரு, திட்டுனாரு, புக்க எடுத்து அளவு பாத்தாரு, அப்பறம் பறந்துட்டாரு!

---

சும்மா ஒருத்தன்:

என்னது ஓட்டையோட பறந்தாரா?? டயர் பஞ்சரோட வண்டி ஓட்டுற மாதிரில இருக்கு

---

பிரிஸ்டல் திருச்சிக்காரன்:

அங்க தான் விசயமே இருக்கு தம்பி, எனக்கும் அன்னைக்கு தான் புரிஞ்சுது. டயர் நினைப்ப மறந்துடு. பலூனுக்கு அடில வாய் திறந்தே தான் இருக்கு, அடைக்கவே இல்லையே. அப்ப வாய்கிட்ட உள்ள காத்தழுத்தமும் வெளிய காத்தழுத்தமும் ஒண்ணு தான். மேல போக போக தான் வித்தியாசம் கூடும், உச்சில தான் அதிகம். அந்த அதிகமும் எவ்வளவுன்னா 18 மீட்டர் உயர பலூன்ல 40 பாஸ்கல், கூட போனா 50. புரியற மாதிரி சொன்னா ஒரு டம்ளர் தண்ணில ஸ்ட்ரா வெச்சு, ஸ்ட்ராவுக்குள்ள தண்ணி 4 மில்லிமீட்டர் கீழ இறங்கற அளவுக்கு ஊது, அவ்வளவு தான். கார் டயர்ல இருக்கற அழுத்தத்துல கிட்டத்தட்ட 5000த்துல ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அழுத்தம் தான் அவ்வளவு பெரிய துணிய விறைப்பா நிக்க வெக்குது.

அதனால அடில ஓட்டை விழுந்தா காத்து வெளிய தள்றதுக்கு அழுத்தமே இல்ல, சும்மா வாய் கொஞ்சம் பெருசான மாதிரி. அதே ஓட்டை உச்சில விழுந்தா கதை வேற, இருக்கறதுலயே சூடான காத்து, இருக்கறதுலயே அதிக அழுத்தம், எல்லாம் அந்த வழியா போகும். எந்த உயரத்துல எவ்வளவு ஓட்டை வரைக்கும் பரவால்லன்னு மேனுவல்லயே அளவு போட்டிருக்கும். அடில இருந்து பாத்தா குறுக்கால ஓடற முதல் நாடாவுக்கு கீழ கொஞ்சம் சலுகை, மேல போனா சலுகை இல்ல. அதுக்காக ஓட்டை விழட்டும்னு யாரும் விடறதில்ல, அந்த வாரமே ஒட்டு போட்டு தச்சாங்க, செலவுல என் பங்கும் இருந்துச்சு.

காத்தடிக்கும்போது பலூனோட அடி வயிறு மட்டும் குழி விழுந்து குழி விழுந்து எழும்புறத பாத்திருப்பீங்க, மேல உச்சி மட்டும் மத்தளம் மாதிரி இருக்கும். காரணம் இதே தான்.

---

நூல்மில் சண்முகம்:

4 மில்லிமீட்டர் தண்ணி தானா! இத்தன வருசம் துணி டெஸ்டிங் பண்றேன், இது தெரியாம போச்சுங்க. அப்ப 50 கிராம் துணி ஏன் போதும்னு இப்ப தான் வெளங்குது.

---

வெண்பனி ராதிகா:

அப்ப இறங்கறது எப்படி? உச்சில மூடி மாதிரி ஒண்ணு திறந்து மூடுறத பாத்தேன். அது தையல் இல்லையா?

---

பிரிஸ்டல் திருச்சிக்காரன்:

நல்ல கண்ணு மேடம் உங்களுக்கு. உச்சில வட்டமா பெரிய ஓட்டை தான் இருக்கு, தையலே கிடையாது. அந்த ஓட்டைய விட கொஞ்சம் பெரிய வட்ட துணி உள்பக்கமா இருக்கும், பாராசூட் வென்ட்னு பேரு, உள்ள இருக்கற அந்த 4 மில்லிமீட்டர் அழுத்தமே அத மேல தள்ளி அப்பி வெச்சுக்கும். கூடைல இருந்து கயிற இழுத்தா கீழ இறங்கி இடுக்கு வழியா சூடு காத்து போகும், விட்டா தானா போய் ஒட்டிக்கும். பக்கவாட்டுலயும் ஒண்ணு ரெண்டு கீறல் வென்ட் இருக்கும், அது பலூன சுத்தி திருப்ப, போட்டோவுக்கு விளம்பரத்த காட்டவும் கூடைய இறங்கற பக்கமா திருப்பவும்.

---

உடுமலைக்காரன்:

பையன் பக்கத்துல உக்காந்து படிச்சிட்டு இருக்கான் சார், டம்ளர்ல ஸ்ட்ரா விட்டு ஊதி டேபிள் பூரா தண்ணி. அந்த ஷேப் பத்தியும் காது வெச்ச பலூன் பத்தியும் சொல்லிடுங்க, விட மாட்டேங்கறான்.

---

பிரிஸ்டல் திருச்சிக்காரன்:

ஷேப் யாரும் அழகுக்கு வரையல. மேல அழுத்தம் அதிகம், அடில பூஜ்யம், அடில கூடை இழுக்குது. இந்த மூணையும் வெச்சு, துணில குறுக்கு வாட்டத்துல இழுவையே வரக்கூடாது, எல்லா இழுவையும் மேல இருந்து கீழ போற நாடாவுல மட்டும் தான் வரணும்னு கணக்கு போட்டா கிடைக்கற வடிவம் தான் அந்த கவுத்த பேரிக்கா. இயற்கை வடிவம்னே சொல்லுவாங்க. ஸ்ட்ராடோஸ்பியருக்கு, அதாவது ரொம்ப உயரத்துல இருக்கற காத்து அடுக்குக்கு, விடற பிளாஸ்டிக் பலூனுக்காக 1950கள்ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல இந்த கணக்க போட்டாங்க. ஹைதராபாத்ல டாட்டா ஆராய்ச்சி நிலையம் ஹைட்ரஜன் அடிச்சு விடற பலூன் கூட அந்த பாலித்தீன் குடும்பம் தான், அது வேற துணி வேற கதை.

இன்னொன்னு, பட்டை பட்டையா தச்சிருப்பாங்க இல்லையா, அந்த பட்டைய கொஞ்சம் அகலமா வெட்டி தச்சா நாடாவுக்கு நாடா நடுவுல துணி உப்பும். சிலது பூசணிக்கா மாதிரி வரி வரியா தெரியும், அது இந்த ரகம்.

---

நூல்மில் சண்முகம்:

எங்க ஊர் பக்கம் அரசாணிக்கானு சொல்லுங்க, பையனுக்கு டக்குனு புரியும்.

---

பிரிஸ்டல் திருச்சிக்காரன்:

சரி அரசாணிக்கா! உப்புன எடத்தோட வளைவு இறுக்கமா இருந்தா, அதாவது அந்த வளைவோட ஆரம் சின்னதா இருந்தா, துணில வர்ற இழுவை குறையும். அழுத்தம் பெருக்கல் வளைவோட ஆரம், அவ்வளவு தான் சூத்திரம். உப்பாம வழவழன்னு இருக்கணும்னா பட்டை நிறைய வேணும், 24 கூட வெப்பாங்க, விளம்பரம் வரைய அது வசதி. போட்டிக்கு போறவங்க பலூன் ஒல்லியா முட்டை மாதிரி இருக்கும், சடசடன்னு ஏறி இறங்க.

காது வெச்சது ஸ்பெஷல் ஷேப். யானையோ மாடோ எதுவா இருந்தாலும் நடுவுல மறைஞ்சு ஒரு சாதா பலூன் இருக்கும், அது தான் தூக்கும். காது, கால், வால் எல்லாம் அதோட ஒட்டுன பை. பெரிய பலூன் சுவத்துல ஓட்டை வெச்சு அது வழியா காத்து பைக்குள்ள போகும். சும்மா விட்டா எந்த பையும் உருண்டையா தான் உப்பும், காது தட்டையா நிக்கணும்னா உள்ள முன் துணிக்கும் பின் துணிக்கும் நடுவுல நாடாவோ தடுப்பு துணியோ வெச்சு இழுத்து கட்டணும், தலகாணி மெத்தைல நடுவுல தையல் போட்டு இழுக்கற மாதிரி. அந்த காதுல இருக்கற காத்து சீக்கிரம் ஆறிடும், தூக்கவும் உதவாது, துணி எடை மட்டும் மிச்சம். உப்பவும் நேரம் ஆகும், காத்து கொஞ்சம் அடிச்சாலும் பாய்மரம் மாதிரி இழுக்கும். அதனால தான் பல எடத்துல அத கயித்துல கட்டி நிக்க மட்டும் வெப்பாங்க. என் சொந்த கருத்து, பாக்க கூட்டம் சேரும், ஆனா மூட்டை கட்டும்போது எங்கள கேட்டா சாதா பேரிக்கா தான் தெய்வம். அமெரிக்காவுல ஆல்புகர்க்கில 1972ல 13 பலூனோட ஆரம்பிச்ச திருவிழாவுல இப்ப இந்த மாதிரி உருவங்களுக்குனே தனி நாள் இருக்கு.

---

வல்வைக் காற்று:

நான் யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறை. இதெல்லாம் வாசிக்க எங்கட ஊர் ஞாபகம் வந்திட்டுது. சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கோயில் தீர்த்தம், இந்திரவிழா எண்டு ஊரே லைட் போட்டு நிக்கும், அண்டைக்கு இரவு புகைக்குண்டு விடுவினம். குண்டு எண்டோன்ன பயப்படாதேங்கோ, கடதாசிப் பலூன். திசுக் கடதாசிய பட்டை பட்டையா வெட்டி பசை பூசி ஒட்டி, வாயில கம்பி வளையம், அதில எண்ணெயில நனைச்ச துணிப்பந்தம். ஆள் உயரத்த விடப் பெருசு பெருசா கட்டுவினம். நாங்கள் சின்னனில ஒட்டேக்க பெரியாக்கள் சொல்லுறது ஒண்டுதான், மேல் பக்கம் ஒட்டுறது கவனம், கீழ என்னெண்டாலும் பரவாயில்ல. ஏனெண்டு அண்டைக்கு விளங்கேல்ல, அந்த அண்ணா 4 மில்லிமீட்டர் கணக்கு சொன்னாப் பிறகு இப்பதான் விளங்குது.

இன்னொண்டும் இருக்கு. 1783ல பிரான்சில மொன்கோல்ஃபியே சகோதரங்கள் ஊர்ச்சனம் பாக்க முதல் விட்டதும் கடதாசிதான், அவையள் குடும்பமே கடதாசி ஆலைக்காரர். சாக்குத்துணிக்கு உள்ளால கடதாசி ஒட்டி, துண்டு துண்டா பொத்தான் போட்டு பூட்டினவையள். புகைதான் தூக்குது எண்டு நம்பி ஈர வைக்கோலும் ஆட்டு மயிரும் போட்டு நல்லாப் புகைய விட்டவையாம். எங்கட ஆக்களும் புகைக்குண்டு எண்டுதான் பேர் வச்சிருக்கினம் பாருங்கோ!

---

வெண்பனி ராதிகா:

ஆஹா இது தெரியவே தெரியாது. அப்ப கடதாசில இருந்து நைலானுக்கு எப்ப மாறுச்சு?

---

பிரிஸ்டல் திருச்சிக்காரன்:

நடுவுல பல வருசம் ஹைட்ரஜன் பலூன் பக்கம் போயிட்டாங்க, சூடு காத்து பலூன கிட்டத்தட்ட மறந்தே போச்சு. 1960 அக்டோபர் 22ல அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல எட் யோஸ்ட்னு ஒருத்தர் நைலான் துணி, புரொப்பேன் பர்னர் வெச்சு பறந்தாரு, இப்ப நாம பாக்கறது எல்லாம் அந்த பலூனோட பேரப்பிள்ளைங்க. வைக்கோல் எரிச்சா தீப்பொறி பறக்கும், நைலான் தாங்காது. கேஸ் வந்ததால தான் நைலான் வந்துச்சு.

நம்ம நாட்டு கணக்கும் ஒண்ணு இருக்கு. 2005 நவம்பர் 26ல விஜய்பத் சிங்கானியா மும்பைல இருந்து கிளம்பி 21,027 மீட்டர் ஏறுனாரு, சூடு காத்து பலூன்ல உலக சாதனை. அந்த பலூன் தச்சது எங்க ஊர் கேமரன் தான், 16 லட்சம் கன அடி. நம்ம மூணு நாலு பேர் போற பலூன் 77 ஆயிரம் கன அடி. மேல காத்து அவ்வளவு மெலிசு, அதான் அவ்வளவு துணி.

---

சும்மா ஒருத்தன்:

கடைசியா ஒரு டவுட்டு. ஏன் எல்லா எடத்துலயும் விடியக்காலைல விடறாங்க? மத்தியானம் விட்டா தூங்கவாச்சும் செய்யலாம்

---

பிரிஸ்டல் திருச்சிக்காரன்:

காத்து அடங்கி இருக்கும், வெயில் ஏறுனா தரைல இருந்து வெப்ப காத்து கிளம்பி தூக்கி போடும், அது முதல் காரணம். ரெண்டாவது துணிக்கே நல்லது. 2200 கன மீட்டர் பலூன உள்ள 100 டிகிரி வெச்சா, வெளிய 15 டிகிரி இருக்கும்போது பலூன், கூடை எடையும் சேத்து சுமார் 610 கிலோ தூக்கும். வெளிய 30 டிகிரின்னா 480 கிலோ தான். ரெண்டு ஆள் எடை போச்சு. அந்த எடைய தூக்கணும்னா இன்னும் சூடேத்தணும், உச்சி துணி சீக்கிரம் வீணாகும். பொள்ளாச்சில தை மாசம் வெச்சிருக்கறது சும்மா இல்ல.

ஆனா பனில நனைஞ்ச துணிய அப்படியே மூட்டை கட்டுனா பூஞ்சை பிடிக்கும், அது வேற தலைவலி. அன்னைக்கே சாயங்காலம் மறுபடி விரிச்சு காய வெக்கணும், எங்கள கூப்பிடறதே அதுக்கு தான்.

---

உடுமலைக்காரன்:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. மச்சானுக்கு இந்த லிங்க் அனுப்பிட்டேன், நீலக்கலர் டிக் விழுந்துருச்சு, பதில் இல்ல. பையன் இப்ப வல்வெட்டித்துறை அண்ணன் சொன்ன மாதிரி திசு பேப்பர் வேணும்னு நிக்கறான், பந்தம் எல்லாம் கிடையாது, ஹேர் ட்ரையர்ல ஊதி வீட்டுக்குள்ளயே விட்டுக்கோனு சொல்லியிருக்கேன். எத்தன பட்டை வெட்டணும்ங்க அண்ணா?

---

வல்வைக் காற்று:

சின்னனுக்கு எட்டுப் பட்டை காணும் தம்பி. முதல் ஒண்ட நடுவால மடிச்சு வெட்டி அத அச்சா வச்சு மிச்சம் ஏழையும் வெட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். பசை மெல்லிசா பூச வேணும். உச்சிக்கு மட்டும் ஒரு வட்டக் கடதாசி மேலால ஒட்டுங்கோ.

---

நூல்மில் சண்முகம்:

ஏறுனா வீடியோ போடுங்க.